அப்பாவின் என்ஜினுக்கு நான் அடித்த வெள்ளிப் பெயிண்ட்

இந்தத் தோட்டத்து லய வீடுகளின் கோழிகளையெல்லாம் ஹோர்ன் அடித்தே எழுப்பிய என் அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்பதுதான் முறை. நீங்கள் இருக்கும் இடத்தில் அதற்கு என்ன பதில் சொல்வார்களோ தெரியாது, அதனால் விட்டுவிடுகிறேன். இங்கே அம்மா மலைக்குப் போகிறார், கொழுந்து பறிக்கிறார், வருகிறார். நான் உயர்தர வகுப்புக்குப் போகிறேன், வருகிறேன். உங்கள் லொறி மட்டும் எங்கேயும் போவதில்லை. நீங்கள் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே, நம் ஒற்றை அறைக் காம்பராவின் ஒரே ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கண் விழித்தால் தேயிலை மலை தெரியாது, ரேடியேட்டர்தான் தெரியும். மூடுபனி வந்தால் அதுவும் தெரியாது, ஆனால் இருப்பது தெரியும்.

உங்கள் தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, அது சும்மா நிற்பது பொறுக்கவில்லை. "அண்ணன் வண்டிய அண்ணன் மகன் ஓட்டுறதுதான் அழகு" என்றார். யாருக்கு அழகு என்று கேட்டேன். "வண்டிக்குத்தாண்டா. ஒம் மூஞ்சிக்கா?" என்றார். லயமே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் என் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டார்கள். இப்போதைக்குச் சித்தப்பா ஓட்டுவாராம், நான் கிளீனராக ஏறிப் பழக வேண்டுமாம், வயது வந்ததும் லைசன்ஸ் எடுத்து நானே ஓட்ட வேண்டுமாம். பள்ளிக்கூடம்? அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அம்மாவிடம் மன்றாடி ஒரு தவணை வாங்கினேன். "சரஸ்வதி பூசைக்குள்ள வித்தா வித்துக்க. விக்கலேன்னா படிப்ப விட்டுட்டு ஏறு. நிக்கிற வண்டிய எலி திங்கிறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது." சரஸ்வதிக்கும் ஆயுதத்துக்கும் நம் வீட்டில் ஒரே படையல்தான். வழக்கமாக என் புத்தகத்துக்கும் உங்கள் பொனட்டுக்கும் ஒரே கிண்ணத்துச் சந்தனத்தைத்தான் பூசுவோம். இந்த வருஷம் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் போலிருந்தது.

ஆகவே லொறியை அழகாக்கினேன். வெளியே மழை கழுவிவிடும். உள்ளேதான் பாடு. பொனட்டைத் திறந்தால் பொன் நட்டா இருக்கிறது? எல்லாம் துரு நட்டு. பெட்டரியைப் பொலித்தீனால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தேய்க்கத் தேய்க்கக் கருப்புக் கூழாக வழிந்தது. வயர்களை நீங்கள் அம்மாவின் கிழிந்த சேலைத் துண்டால் கட்டி வைத்திருந்தீர்கள். பச்சை ஒன்று, பூப்போட்டது ஒன்று. அவற்றை அவிழ்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு கருப்பு டேப் சுற்றினேன். துருவைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தேன், ரப்பர் ஹோஸ்களைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன், கடைசியில் என்ஜின் முழுவதற்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். குனிந்தால் என் முகமே அதில் மங்கலாகத் தெரிந்தது. இது வெறும் என்ஜின் இல்லை அப்பா, என் ஜின். பிடித்தால் விடாத ஜின் பூதம். நல்லபடியாக அலங்காரம் செய்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கந்தப்பளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி பார்க்க வந்தார். பொனட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் நிற்கும் தகப்பன் மாதிரி நின்றேன். அவர் குனிந்தார். விரலால் தடவினார். மோந்து பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சது யாரு தம்பி?"

"நாந்தான் மொதலாளி."

"என்னத்த மறைக்கிற?"

ஒன்றுமே இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். "பழைய என்ஜின்னா அழுக்கு இருக்கணும். எங்க எண்ணெய் கசிஞ்சிச்சி, எங்க காஞ்சிச்சின்னு அந்த அழுக்குதான் சொல்லும். நீ அது வாயத் தச்சி வச்சிருக்கியே. நான் லீக்ஸ் மூட்டை ஏத்தப் போறேன் தம்பி, ஊர்வலம் போகல."

சித்தப்பாவைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. முதலாளி காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப அடிச்ச பெயிண்ட நம்பி எப்படி வாங்குறது? நாலு ட்ரிப் ஓட்டு. புழுதி படியட்டும். அப்புறம் சொல்லியனுப்பு, வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் என்ஜின் ஒரு சொட்டும் கசியாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைச் சொல்ல இருந்த ஒரே சாட்சியை நான்தான் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

இதைவிடக் கொடுமை, சித்தப்பா என் முதுகில் தட்டிச் சிரித்ததுதான். "பலே ஆளுடா நீ. வர்ற ஆளு ஓடிப்போற மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்க. வண்டிய விட மனசில்ல, அப்படித்தானே?"

"இல்ல சித்தப்பா, நெசமாவே விக்கத்தான் அடிச்சேன்."

"நடிக்காத. என் பைக்குல 'விற்பனைக்கு'ன்னு அட்டை மாட்டிவிட்டவன்தானே நீ?"

அது உண்மைதான். பாதித் தோட்டமே அந்த பைக்குக்கு விலை பேசியது, நீங்களும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். இப்போது நான் என்ன சொன்னாலும் ஊர் அடுத்த குறும்பு என்றுதான் நினைக்கிறது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் அக்காமார் வரைக்கும், "ட்ரைவர் தம்பி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். லொறிக்கு நாலு சக்கரம் இருக்கிறது. ஆனால் அசைய முடியாமல் நிற்பது நான்தான்.

உங்களுக்காவது அந்த லொறி பிடித்திருந்ததா அப்பா? இல்லை, உங்களையும் யாராவது சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார்களா? நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நேற்றுச் சாயந்தரம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த கொழுந்துக் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, நான் வெளையாடல. எனக்கு லொறி வேணாம். படிக்கணும்."

அவர் என் முகத்தில் சிரிப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. "அப்ப ஏன்டா அப்படித் தொட்டுத் தொட்டுத் தொடச்ச? ஒங்கப்பாவக் குளிப்பாட்டுற மாதிரி இருந்திச்சி எனக்கு. ஆசையில செய்றேன்னு நெனச்சிட்டேன்."

"ஆசைதாம்மா. நல்லபடியா அனுப்பணும்னு ஆசை."

எலுமிச்சைத் தோலைத் திருப்பிப் பிடித்து அடுத்த விரலைத் தேய்த்தார். பிறகு சொன்னார், "நாலு ட்ரிப் ஏறிக்க. புழுதி படிஞ்சதும் எறங்கிடு."

"பூசை முந்திக்கிட்டா?"

"பூசைய நான் பாத்துக்கிறேன்."

"சித்தப்பா எறங்க விடுவாரா?"

அம்மா எலுமிச்சைத் தோலை அடுப்பில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

நாளைக்கு முதல் ட்ரிப், நுவரெலியாச் சந்தைக்குக் கரட் மூட்டை. வெளியே வர வேண்டுமானால் முதலில் உள்ளே ஏறத்தான் வேண்டும் போலிருக்கிறது. பாதி வழியில் சித்தப்பா, "கொஞ்சம் புடிச்சிப் பாருடா" என்று ஸ்டீயரிங்கைக் காட்டுவார், எனக்குத் தெரியும். என் பயமெல்லாம் அங்கேதான். பிடித்துப் பார்த்தால் பிடித்துப் போய்விடுமோ? நான் உங்கள் மகனாயிற்றே.

அதனால் உங்களிடம் ஒரு சத்தியம் அப்பா. இடப்பக்க சீட்டில் உட்காருவேன். மூட்டை ஏற்றுவேன், இறக்குவேன். போகிற வழியெல்லாம் சித்தப்பாவைச் சிரிக்க வைப்பேன். ஆனால் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். கோபப்படாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகன்,
நாலு ட்ரிப்புக்கு மட்டும் கிளீனர்.