எண்ணூறுக்கு அறுநூறு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே வெயில். மாதா கோயில் பூசை முடிந்து வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கட்டுமாவடி மீன் சந்தையில் வாங்கிய நெத்திலி, குழம்பு. உப்பு தூக்கல். அனிலா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஒன்பது வயதுக்குப் பெரிய மனசு என் மகளுக்கு.

பதினொரு மணிக்கு என் மனைவி ஜெசி, மஸ்கட்டிலிருந்து. வார நாளில் போனில் குரல் மட்டும். போனில் முகம் வந்தாலும் எனக்கு மங்கல்தான். ஞாயிறு மட்டும் கம்ப்யூட்டரில், மூன்று பேரும் சேர்ந்து.

மானிட்டர் அவள் நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய மாதம் வாங்கியது. பழசு, சின்னது, அகலவாக்கில் இருக்கும். வந்த அன்றே எழுத்தெல்லாம் எறும்பு. பத்திரம் டைப் அடிக்கிறவன் நான். ஒரு சர்வே எண் தப்பினால் ஒருத்தன் வயல் இன்னொருத்தனுக்குப் போய்விடும். செட்டிங்கில் போய் 800 × 600 என்று வைத்தேன். எழுத்து கொட்டை கொட்டையாக வந்தது. கண்ணாடி போடுங்க, கண்ணாடி போடுங்க என்கிறாளே, அவளுக்கு இதுதான் பதில். நாற்பத்து நாலு வயசெல்லாம் ஒரு வயசா?

ஜெசி நன்றாகப் பூசினாற்போல இருக்கிறாள். இன்றைக்கும் சொன்னேன்: "என்னடி, கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவ்வளவு ருசியா?" சிரித்தாள். பிறகு துப்பட்டாவை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். மூலையில் சின்னதாகத் தெரிகிற என் முகமும் ஊதித்தான் கிடக்கிறது. என் சமையலுக்கே இப்படியா!

போன புதிதில் எனக்குத் தூக்கமே இல்லை, தனியாக என்ன சாப்பிடுவாளோ என்று. அவளை உருண்டையாகப் பார்த்தால் அடுத்த ஞாயிறு வரை எனக்கு ஓடிவிடும். அதை அவளிடம் சொல்ல வாய் வராது. கிண்டல்தான் வரும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், நாலு அண்ணன் தம்பி, நாலு பேருக்கும் கிணற்றில் பங்கு. முடித்தேன். சேமிக்கும் பட்டன் எப்போதும்போலத் திரைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. பழகிவிட்டது, பார்க்காமலே தட்டிவிடுவேன்.

வாங்க: உளுந்து, அனிலாவுக்கு ரிப்பன், சிலிண்டர் சொல்ல.

பதினைந்தாம் தேதிக்குப் பள்ளியில் படப்போட்டி. அனிலா கம்ப்யூட்டரிலேயே கொடி வரைந்தாள். சக்கரம் வட்டமாக வரும்வரை அழித்து அழித்து. கடைசியில் அருமையாக வந்தது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வரைகிறாள், அவள் அம்மா ஊசி கோக்கிற மாதிரியே.

ராத்திரி ஜெசி பேசினாள். குரலில் சத்தில்லை. பின்னால் ஷீபாவின் குரல், அவளோடு அறையில் இருக்கும் நாகர்கோவில் பெண்: "ஜெசியக்கா, இன்னைக்கும் சாப்பிடாமயா படுக்கப் போறீங்க?"

"என்ன ஜெசி?"

"அவ சும்மா சொல்றா. எனக்குப் பசியில்ல."

வைத்துவிட்டாள். இன்னைக்கும் என்றால் நேற்றும்தானே? மனசு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கொடியைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். சக்கரம் முட்டையாக வந்தது, நின்ற முட்டை. அனிலா கடையிலேயே அழுதுவிட்டாள். "நான் வட்டமாத்தாம்ப்பா போட்டேன்!" நானும் பார்த்தேனே, வட்டம்தான். கடைக்காரரிடம் மிஷினைச் சரிபாருங்க என்று கொஞ்சம் கத்தினேன். இன்னொரு தடவை எடுத்தார். அதே முட்டை.

வீட்டுக்கு வந்து மானிட்டரில் திறந்தால் வட்டம். அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செட்டிங்கைத் திறந்தேன். 1366 × 768 என்பதற்குப் பக்கத்தில், இதை வைக்கலாம் என்று அதுவே எழுதியிருக்கிறது. இத்தனை மாதம் நான் அதை மதிக்கவில்லை. வைத்தேன். கண் முன்னாலேயே வட்டம் ஒடுங்கி முட்டையானது. திரும்ப 800 × 600. வட்டம். திரும்ப அது. முட்டை.

நான் வைத்த அளவு இந்த அகலத் திரைக்கு ஆகாது. பக்கவாட்டில் எல்லாவற்றையும் இழுத்துப் பரப்பியிருக்கிறது. வரிக்கு வரி, படத்துக்குப் படம்.

"அப்ப நம்ம மூஞ்சியும் அப்படித்தானாப்பா?" என்றாள் அனிலா.

ஐயோ. ஜெசி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலை ஓடவில்லை. பஸ்ஸேறிப் புதுக்கோட்டை போய்க் கண் சோதித்துக் கண்ணாடிக்குக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் தந்தார்கள். போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால் டிக்கெட்டில் இருக்கிற பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது.

மானிட்டர்: 1366 × 768 அப்படியே இருக்கட்டும். எழுத்தின் அளவை மட்டும் 125% ஆக்கினேன். பெரிதாகவும் இருக்கிறது, கோணலாகவும் இல்லை. பட்டனும் மேலே வந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம்.

ஜெசிக்குப் போன். எல்லாம் சொன்னேன். ஷீபா சொன்னது நிஜம்தான் என்று ஒத்துக்கொண்டாள்: இரண்டு மாதமாக ராத்திரிக்கு ஒரு வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்குப் பிறகு!

"நீ குண்டாவே இல்லடி. மானிட்டர்ல தப்பு."

"சமாதானத்துக்குச் சொல்லாதீங்க."

"ஆஸ்பத்திரியில எடை மிஷின் இல்லையா? ஏறிப் பாரேன்."

"பயமா இருக்கு. நான் அதுல ஏறுறதே இல்ல."

பேஷண்டையெல்லாம் நிறுத்துப் பார்க்கிறவள். ஞாயிறு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மோடம் போட்ட வானம். காற்றில்லை. பூசையில் மனசு நிற்கவில்லை. சமைக்கவும் இல்லை, அனிலாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பத்தே முக்காலிலிருந்து மானிட்டர் முன்னால்தான், கண்ணாடியோடு.

வந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. துப்பட்டாவை எடு என்றேன், எடுத்தாள். தோள் எலும்பு இரண்டும் தூக்கிக்கொண்டு தெரிந்தன. என் ஜெசியை மாதக்கணக்கில் நான் பார்க்கவே இல்லை. பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அனிலாதான் வேலையைப் பார்த்தாள். திரையை அப்படியே போனில் ஒரு படம் எடுத்தாள். நான் பழைய அளவுக்கு மாற்றினேன், இன்னொரு படம். இரண்டையும் அனுப்பினாள். ஒரே முகம், ஒரே நிமிஷம்: ஒன்றில் பூசணி, ஒன்றில் கருவாடு.

பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

"நீங்க சொன்னப்பறம் முகம் பாக்குற கண்ணாடியிலயும் எனக்கு அப்படித்தாங்க தெரிஞ்சுச்சு."

ஏழு கடல் தாண்டிப் போய் அவளை அடித்ததுபோல இருந்தது எனக்கு. "நீ நல்லாச் சாப்புடுறேன்னு நெனச்சு சந்தோசத்துலதாண்டி சொன்னேன்" என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

"இதை அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

"இப்ப என்ன இருக்கு அங்க?"

"ஷீபா குபூஸும் கோழியும் வச்சிட்டுப் போயிருக்கா."

"எடுத்துட்டு வா. இங்கிட்டு உக்காந்து சாப்புடு."

அந்த ஊர் ரொட்டி, தட்டளவு. இரண்டாவதை எடுக்கத் தயங்கினாள், அனிலா அதட்டினாள், எடுத்தாள். நானும் அனிலாவும் அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏங்க, இப்படியே பாத்துக்கிட்டு இருந்தா எப்படிங்க முழுங்குறது?"

முழுங்கு என்றேன்.