புல் எரிக்கும் நாள்

பெரியோசவ்கா காவல்கோட்டை,
எலியா திருநாளுக்கு மறுநாள்

தங்கை உஸ்தின்யாவுக்கு அண்ணன் சவ்வா எழுதுவது.

நீ உயிரோடு இருக்கிறாய். இந்த ஒரு வரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்று வந்தேன். தாத்தார் குதிரைக்காரர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. வருஷம் தவறாமல் கோவிலில் செத்தவர்களோடு உன் பெயரையும் படிக்கச் சொல்லி, கோதுமை வேகவைத்துத் தேன் ஊற்றிக் கொடுத்தோம். உப்பு வியாபாரி கிரகோர் உன் கடிதத்தை நீட்டியதும் என் பெண்டாட்டி பெலகேயா, "அவளுக்குப் படைச்சதையெல்லாம் நாமளே தின்னு தீத்துட்டோமே, வந்து பங்கு கேக்கப் போறா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஆனால் நாலே வரி எழுதியிருக்கிறாய். அதில் இரண்டு ஆடுகளைப் பற்றி. அப்பா குச்சி ஒடிய ஒடிய எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இதற்குத்தானா? அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

கேள். என் கையில் ஒரு கைதி இருக்கிறான். வசந்தகாலத்தில் பிடித்தேன். உங்கள் தலைவர் மம்பெத்தின் தம்பி மகனாம். ஆற்றங்கரையில் கைதிகளை மாற்றும்போது தலைக்குத் தலை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். பனி உருகியதும் அவன் அந்தக் கரைக்கு, நீ இந்தக் கரைக்கு. கோட்டை எழுத்தரிடம் உன் பெயரைப் பதிந்தாகிவிட்டது. என் மகள் வசேனாவுக்கு ஆறு வயது. அத்தைக்கு எந்த மூலையில் படுக்கை என்று இப்போதே சண்டை போடுகிறாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

உன் அண்ணன்
சவ்வா


உராஸின் கூடாரம், ஆற்று வளைவு,
நாணல் பூத்த மாதம்

அண்ணா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் மடித்து வைத்துக்கொண்டு ஆடு கறந்துகொண்டிருந்தேன். நான் வரமாட்டேன். கோபப்படாதே. எனக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் என்னை மிரட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். உராஸ் என்னைத் தூக்கி வந்தவன் அல்ல, பின்னால் கட்டிக்கொண்டவன். கை நீட்டமாட்டான், வாய் மட்டும் நீளம். மம்பெத் என்னைக் கொடுக்கத் தயார். தம்பி மகன் வந்தால் என்னையும் கொடுப்பார், கூட நாலு ஆடும் கொடுப்பார். மனசில்லாதவள் நான்தான்.

வேறொன்று கேட்க வேண்டும். போன வருஷம் உங்கள் ஆட்கள் வைத்த தீ இங்கே வரை வந்தது. புல் ஒரு பிடி மிஞ்சவில்லை. உராஸ் சொன்னான்: "உங்கண்ணன் ஊருல வைக்கோல் போர் போட்டு வெச்சிருப்பான். நம்ம ஆட்டுக்கு ஏதுடீ போரு? நின்னுக்கிட்டிருந்த புல்லுதான் போரு, அதையும் கொளுத்திட்டானுவ." ஆடுகள் விழுந்தன, பால் வற்றியது. என் கைக்குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். என் பாலும் வற்றிப்போய், பனி உருகும்வரை அவள் தாங்கவில்லை. யார் வைத்த தீ என்று உன்னைக் கேட்கமாட்டேன்.

இந்த வருஷம் எந்த நாளில் எரிக்கிறீர்கள்? என் கூடாரத்துக்கு மட்டும் சொல். பிள்ளைகளையும் ஆடுகளையும் முன்கூட்டியே கீழாற்று நாணல் பக்கம் கொண்டுபோய்விடுவேன். ஒருவரிடமும் வாய் திறக்கமாட்டேன்.

உஸ்தின்யா
(இங்கே ஐசுலு என்று கூப்பிடுகிறார்கள். நீ அப்படிக் கூப்பிடாதே.)


பெரியோசவ்கா,
சிலுவைத் திருநாள்

உஸ்தின்யா,

நீ என்ன கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்டாயா? நாங்கள் புல்லை எரிப்பது விளையாட்டுக்கா? புல் இருந்தால் உங்கள் குதிரைகள் வரும். குதிரைகள் வந்தால் பதினேழு வருஷத்துக்கு முன் நம் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கும். அந்த நாளை வெளியே சொன்னவனுக்கு இங்கே தலை நிற்காது. எரிக்கப் போகிற அன்று கோட்டையில் கிழவர்களும் நொண்டிகளும்தான் மிஞ்சுவார்கள். சொல்லமாட்டேன். இனிமேல் கேட்காதே. வரமாட்டேன் என்கிறாய், அதுவும் எனக்குப் புரியவில்லை. கைதி இன்னும் என் கொட்டிலில்தான் தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறான். உன் பெயரை நான் அடிக்கப்போவதில்லை.

சவ்வா

கிரகோர் விடிந்ததும் கிளம்புகிறான். கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். வசேனா முட்டைக்கோஸ் தண்டைக் கடித்துக்கொண்டு என் முழங்காலில் சாய்ந்து நிற்கிறாள். ஒன்பது மாதம் என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மாதாவின் முக்காட்டுத் திருநாள் கழிந்து மூன்றாம் நாள் கிளம்புகிறோம். வடகாற்று எழவேண்டும். எழாவிட்டால் எழும்வரை வெளியில் காத்திருப்போம், திரும்ப மாட்டோம். இதைப் படித்ததும் அடுப்பில் போடு.


கீழாற்று நாணல்,
முதல் உறைபனி விழுந்த வாரம்

அண்ணா,

வந்து சேர்ந்துவிட்டோம். உன் கடிதம் சாம்பலாகிவிட்டது. உராஸிடம்கூடச் சொல்லவில்லை. சின்னவனுக்கு நெஞ்சுச் சளி, நாணல் மறைவு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு" என்று திட்டிக்கொண்டேதான் கூடாரத்தைப் பிரித்தான். கிளம்பும்போது மம்பெத் குதிரையில் வந்து நின்றார். "முழங்கால் உசரத்துக்குப் புல்லு நிக்குது, அதுக்குள்ள எங்க போறீங்க?" என்றார். சளிக் கதையைச் சொன்னேன். பையனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ரஷ்யக்காரன் வீட்டுப் பொண்ணு, குளிரெல்லாம் உனக்குத்தான் தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாரும் நலம் என்று ஒரு வரி போடு. வேறொன்றும் வேண்டாம்.

உஸ்தின்யா


பெரியோசவ்கா,
மாதாவின் முக்காட்டுத் திருநாள் கழிந்து இருபதாம் நாள்

யாரிடம் சொன்னாய்?

நாங்கள் ஐந்து நாள் தூரம் போய், வடகாற்றில் தீயை விட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். மேற்கு ஓடைப் பள்ளத்தில் உங்கள் ஆட்கள் மறைந்திருந்தார்களாம், நாங்கள் கிளம்புவதற்கே காத்துக்கொண்டு. மதிலுக்கு வெளியே பெண்கள் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். பெலகேயா வாய்க்காலில் விழுந்து கிடந்து தப்பினாள். வசேனா இல்லை.

பெலகேயா முட்டைக்கோஸ் வெட்டின கத்தியைக் கையைவிட்டு இறக்கமாட்டேன் என்கிறாள். நாள் எப்படி வெளியே போயிற்று என்று கோட்டைத் தலைவர் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து, "எந்த நாய் சொல்லிச்சோ" என்று திட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னையும் திட்டுகிறேன். என் பிள்ளையைக் கண்டுபிடி.

சவ்வா


கீழாற்று நாணல்,
ஆறு உறைந்தபின்

அண்ணா,

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நல்ல புல்லை விட்டுவிட்டு ஒரு கூடாரம் கிளம்பினால் அது எதற்கு என்று இங்கே ஆடு மேய்ப்பவனுக்குக்கூடத் தெரியும். அது ரஷ்யாவில் அண்ணன் இருக்கிறவளின் கூடாரமாக இருந்தால், தலைவருக்கு நாள்கூடத் தெரிந்துவிடும். பதினேழு வருஷம் இவர்களோடு இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. தீயைப் பார்த்து நான் ஓடினேன். என்னைப் பார்த்து அவர்கள் கிளம்பினார்கள். நீ திட்டு. நான் என்னைத் திட்டுவது போதாது.

வசேனா என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். மம்பெத்தின் கூடாரத்துக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், இரண்டு நாள். உராஸ் வந்து இழுத்துப் பார்த்தான், பிறகு அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் நாள் மம்பெத் வெளியே வந்தார். "எனக்கு வேண்டியது என் தம்பி மவன். அவனுக்கு ஒரு தலதான் மாத்து. நீ போறியா, குட்டி போவட்டுமா, நீயே சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். பனி உருகும்வரை அவள் என்னிடம் இருக்கலாம் என்று விட்டார். மற்றப் பத்துப் பேரைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். அவர்களை நான் பார்க்கக்கூட இல்லை. எழுத்தரிடம் என் பெயரை அடித்துவிட்டு இவள் பெயரை எழுதச் சொல்.

வரமாட்டேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. குழந்தை போனதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆற்றங்கரையை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். பையன்களை விட்டு வரவும் முடியவில்லை, வராமல் இருக்கவும் முடியவில்லை. இப்போது அந்த யோசனை இல்லை. கைதி ஒருவன்தானே.

அடுத்த வருஷம் எரியுங்கள். எந்த நாள் என்று நான் கேட்டாலும் எழுதாதே. வேறு எதுவும்கூட எழுதாமல் இருப்பது நல்லது. அங்கே உன் தலை நிற்கவேண்டும், இவளுக்கு அப்பா வேண்டும்.

இவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். குதிரைப் பாலைத் துப்புகிறாள். சின்னவனோடு ஓயாமல் சண்டை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கரையில் இவளை வாங்கிக்கொள்ள வரும்போது குதிரையைவிட்டு இறங்கி, தள்ளி வந்து நில். குதிரைமேல் இருக்கிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் இப்போது பயப்படுகிறாள்.

உன் தங்கை
உஸ்தின்யா