லண்டனுக்குப் பாதை போட்ட ஞாயிறு

என் அன்பு நிமலன் மச்சானுக்கு,

உன்னை ஏசிவிட்டுத்தான் மற்றக் கதை. நீ போன வழியிலேயே உன் தம்பி கஜனும் போக வெளிக்கிட்டான். ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து, எனக்கும் ரிஸ்வானுக்கும் மட்டும் சொன்னான். அம்மாவுக்கு மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கினான். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். உங்கள் வீட்டுப் பூனைகளுக்கு அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லைப் போல.

உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இன்னும் நடக்கிறது, அதைக் கேட்டால் சந்தோசப்படுவாய். உன் சேதி வந்தபோது கரம் பலகையைச் சுவரோடு சாத்தியவர்கள்தான் நாங்கள். இல்லாத உடம்புக்கு எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று செத்தவீட்டுச் சடங்கெல்லாம் செய்து முடித்தபின் ஒருவரும் உங்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? ஒரு நாள் உன் அம்மா உடையார்கட்டிலிருந்து பஸ் ஏறிப் புதுக்குடியிருப்பில் என் கடைக்கே வந்துவிட்டார். தண்ணி மோட்டர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "பிள்ளை செத்தது எனக்கு. நீங்கள் ஏன் வராமல் விட்டனீங்கள்? வீடு சத்தமில்லாமல் கிடக்கு தம்பி" என்றார். அதன்பிறகு நாங்கள் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

நான், ரிஸ்வான், கஜன். உன் இடத்தில் என் மனைவி தேவி. உன்னைவிட நன்றாகவே விளையாடுகிறாள், குறை நினைக்காதே.

போன மாதம் புது விளையாட்டு ஒன்று வந்தது. சூரிச்சிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தப்பாவின் மகள், பெட்டி பாரம் கூடிவிட்டது என்று அதை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். விளக்கப் புத்தகம் ஜேர்மன் மொழியில். ஒரு மண்ணும் விளங்கவில்லை. தேவிதான் போனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். பலகை முழுக்க ஐரோப்பாப் படம். ஊருக்கு ஊர் கோடு. ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்தால் ஒரு கோட்டின் மேல் சின்னச் சின்ன ரயில் பெட்டிகளை அடுக்கலாம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பாதை போட வேண்டும் என்று ஒவ்வொருவர் கையிலும் வேறு சீட்டு இருக்கும். போட்டு முடித்தால் புள்ளி. சின்னப் பிள்ளையும் விளையாடும்.

ஆனால் நாங்கள் அப்படியா விளையாடினோம்? பலகையை விரித்ததும் ஒருவரும் கையிலிருந்த சீட்டைப் பார்க்கவில்லை. சொந்தக்காரர் இருக்கிற ஊரைத்தான் தேடினோம். தேவி பாரிஸைப் பிடித்தாள், அங்கே அவளுடைய அக்கா. நான் சூரிச்சுக்குப் போக வேண்டுமென்று நின்றேன். பாரிஸ் வழியாகப் போனால் சுகம் என்று ஒரு பெட்டியை எடுத்தேன், அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் ஒரு நாளாவது அக்காவுக்குப் போன் எடுத்துச் சுகம் கேட்டார்களா, இப்போது அவளுடைய ஊருக்குள்ளால் ரயில் விட வந்துவிட்டீர்கள் என்று தேவி என்னைப் பிடித்துக்கொண்டாள். கட்டிய மனுசியோடு சண்டை பிடித்து வெல்ல முடியுமா? சுற்றிப் போனேன்.

ரிஸ்வானுக்கு அந்தப் படத்தில் சொந்தமென்று ஒரு குருவிகூட இல்லை. கைக்குழந்தையாக முல்லைத்தீவை விட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து துணிக்கடை போட்டவன் அல்லவா? "இதில புத்தளம் இருந்தால் சொல்லுங்கோ, நானும் சண்டை பிடிக்கிறன்" என்றான். அங்கே ஆளில்லாதவன் என்றபடியால் அவன் ஒருவன்தான் விளையாட்டை விளையாட்டாக விளையாடினான். நாங்கள் சொந்தம் கொண்டாடி முடிப்பதற்குள் பலகையில் பாதியைப் பிடித்துவிட்டான்.

சிரித்தோம் மச்சான். பொய் சொல்ல மாட்டேன், வயிறு நோகச் சிரித்தோம். கஜனும் சிரித்தான். குசினிக்குள் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஆனால் பலகையின் கிழக்குப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. அந்தப் பக்கத்துப் பாதைகளுக்குத்தான் புள்ளி கூட என்று தேவி முதலே சொல்லியிருந்தாள். அப்படியும் ஒருவரும் அங்கே கை வைக்கவில்லை, வெல்லவென்றே விளையாடிய ரிஸ்வானும் வைக்கவில்லை. பேசி வைத்துச் செய்ததில்லை. நீ கிடக்கிற எல்லைக் காடு அந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கஜன்தான் வைத்தான். கிழக்கில் ஒரு ஊரிலிருந்து லண்டனுக்குப் போக வேண்டும் என்று அவனுடைய சீட்டில் இருந்தது. எங்கள் முகத்தைப் பார்க்காமல், பச்சைப் பெட்டிகளை எடுத்து அந்த எல்லைக்கு மேலாக ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான். "டேய், வேற வழியால போடா" என்றேன். விளையாட்டைத்தான் சொன்னேனா, அவன் பயணத்தைச் சொன்னேனா? எனக்கே தெரியாது. காது கேட்காதவன் போல அவன் அடுக்கிக்கொண்டே போனான்.

அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணியோடு வந்தார். வந்தவர் போகவில்லை. இது என்ன படம் என்று கேட்டார். தேவி சொன்னாள். உன் மாமா இருக்கிற லண்டன் எது என்றார், காட்டினாள். பிறகு சாதாரணமாக, கடைக்கு வழி கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப என்ர மூத்தவன் எங்க கிடக்கிறான்?"

நாங்கள் மூன்று பேரும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தோம். கஜன்தான் விரலை வைத்தான். ஊர் பேர் ஒன்றும் இல்லாத இடம், இரண்டு ஊர்களுக்கு நடுவில். அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அந்த இடத்தில் தன் விரலையும் வைத்தார். பக்கத்து ஊரைக் காட்டி, அங்கே ரயில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றான் கஜன்.

"ரெண்டு விரல்தானே," என்றார் அம்மா. "இன்னும் ரெண்டு விரல் நடந்திருந்தால் ரயில் ஏறியிருப்பானே."

அது நாட்கணக்கில் நடக்கிற பனிக்காடு. அம்மாவிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

விரலை எடுக்காமலே அம்மா கஜனைப் பார்த்து, அவனும் இந்தப் பாதையாலேதான் போகப்போகிறானா என்று கேட்டார். அவன் திடுக்கிட்டு எங்களைப் பார்த்தான். நாங்கள் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை மச்சான், உன்மேல் ஆணை. "அவங்களைப் பாக்காதை," என்றார் அம்மா. "உடையார்கட்டு வெயிலுக்க இருக்கிறவன் என்னத்துக்குக் குளிர்ச்சட்டை வாங்கி அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைக்கிறவன்?"

கஜன் தலையைக் குனிந்துகொண்டான். "இந்தமுறை காடு இல்லையாம் அம்மா. லொறியிலயாம்" என்றான்.

உனக்கும் அப்படித்தானே சொன்னார்கள்?

அம்மா அழவில்லை. அவனை ஏசவுமில்லை. என் பக்கம் திரும்பினார். "சுதா, இவன் போயிட்டானெண்டால் எனக்குக் கொள்ளி வைக்க நீ வருவியோ?"

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் வழமை. உங்கள் வீட்டில் அந்த வழமை எங்கே நடந்தது? சண்டையில் செல் விழுந்த இடத்திலேயே உன் அப்பாவைப் பங்கருக்குள் போட்டு மூடிவிட்டு நடந்தவர்கள் நீங்கள். உனக்கு யாரோ தெரியாத சனம் குழி வெட்டியது, படம் மட்டும் போனில் வந்தது. மிச்சம் இருப்பது அம்மா ஒருவர். அவருக்கு வைக்க இருப்பவன் கஜன் ஒருவன்.

என் நிலையை யோசித்துப் பார். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் கஜன் ஒருவேளை நின்றிருப்பான். ஓம் என்று சொன்னால் அவனைக் கட்டியிருந்த கடைசிக் கயிற்றையும் நானே அறுத்துவிட்ட மாதிரி. அம்மா எந்தப் பதிலை வேண்டிக் கேட்டார்? அவனைத் தடுக்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டாரா, இல்லை, உண்மையாகவே தனக்கு ஒரு ஆளைத் தேடினாரா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த மனுசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"ஓம் அம்மா. நான் வைப்பன்" என்றேன்.

கஜன் பலகையிலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். ரிஸ்வான் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா எழும்பி உள்ளே போனார். நானும் தேவியும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கும்போது, நீங்கள் மாட்டேனென்று சொல்லியிருக்க வேண்டும் என்றாள். ரிஸ்வானிடம் கேட்டேன். அவன், அந்த இடத்தில் மனுசன் வேறென்ன சொல்வான் என்றான். இரண்டு பேரும் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது, அதுதான் என்னைக் கொல்கிறது.

அடுத்த கிழமையே உன் தம்பி போய்விட்டான். அம்மாவே சோறு கட்டிக்கொடுத்தார். பரந்தன் சந்தி வரைக்கும் நான் கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது கேட்டான்.

"அண்ணா, அம்மாட்டச் சொன்னதை உண்மையாத்தானோ சொன்னனீங்கள்?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன். "பொய்யெண்டால் நிப்பியோ?" என்று கேட்டேன்.

பஸ் வந்தது, ஏறினான்.

நேற்றுப் போன் எடுத்தான். ஊர் பேர் சொல்லத் தெரியவில்லை. குளிர் தொடங்கிவிட்டதாம். லொறி வரவில்லையாம், கொஞ்சத் தூரம் நடக்க வேண்டி வரலாமாம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றான். நான் சொல்லவில்லை. இன்றைக்கு ஞாயிறு, அங்கே போனேன். அவன் சாப்பிட்டானாமா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன் மச்சான். நீ களைத்துப்போய்க் குந்தியதால்தான் எழும்பவில்லை என்று உன்னோடு நடந்த பொடியன் சொன்னான். உன் தம்பி அந்தப் பக்கம் வந்தால் அவனைக் குந்தவிடாதே. களைக்கிறது அண்ணா என்று கெஞ்சுவான், இரங்காதே. ஏசு, அடி, இழு, எப்படியாவது நடக்கவை.

இங்கே நான் நிற்கிறேன். கொள்ளி வைக்கிற உரிமை அவனுடையது. அவன் வந்து கேட்டால் அந்த நிமிடமே கொடுத்துவிடுவேன். வராவிட்டால், உன் அம்மா தனியாகச் சுடலைக்குப் போகமாட்டார். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

தம்பி வரும்வரை உங்கள் வீட்டுக்கு இளைய மகனாக நிற்கிற,
சுதா