சந்தோஷ் பேசிய பேரம்

மார்ச் 3

இன்று கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால், சந்தோஷ் புண்ணாக்கு மூட்டைமேல் ஒன்றுக்கு இருந்துவிட்டான். பத்தொன்பது வயது மகன், பேச்சு வராது. மூட்டை போகட்டும். மைத்துனன் ஆத்மநாதன் பார்த்துவிட்டான், அதுதான் நட்டம். "கோயம்புத்தூர்ல இப்புடிப் பிள்ளைகளுக்குன்னு இருக்குற ஹாஸ்டல்ல விட்டுருங்க மச்சான். பணத்தக் கட்டுனமா, நிம்மதியா இருந்தமான்னு இருக்கலாம்." அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் நிம்மதி எவ்வளவு சல்லிசு.

மார்ச் 5

புதுக்கோட்டையில் பகல் பராமரிப்பு மையம் இருக்கிறது. கக்கூஸ் பழக்கம் வந்தால் ஜூனில் சேர்த்துக்கொள்வார்களாம். வராவிட்டால் கோயம்புத்தூர்தான். மனைவி ராஜலட்சுமி சாப்பிடவில்லை. குனிந்து கழுவித் துடைக்க அவள் இடுப்பும் எத்தனை நாள்தான் தாங்கும்?

மையத்து டீச்சர் செவந்தி வழி சொன்னார். சாப்பிட்டதும் உட்கார வைக்கணும். இருந்தால் உடனே பிடித்த தின்பண்டம். இவ்வளவுதானா? அன்னவாசலில் மாட்டுத்தீவனம் விற்கிறவனுக்குக் கொடுக்கல் வாங்கல் தெரியாதா?

மார்ச் 9

தெரியவில்லை. உட்காரட்டும் என்று தேன்மிட்டாயை முன்னாலேயே கொடுத்தேன். தின்றான், எழுந்தான், ஹாலில் வந்து இருந்தான்.

போனில் டீச்சர்: "அட்வான்ஸ் குடுத்தீங்களா சார்? கடையிலயும் இப்புடித்தான் யாவாரமா?"

ராஜலட்சுமி சிரித்தாள். துடைத்துக்கொண்டேதான்.

மார்ச் 20

புது வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டினேன். பிளஷ் சத்தத்துக்கு அலறி ஓடுகிறான். ஆக, இத்தனை செலவுக்கும் பிறகு தண்ணீர் ஊற்ற வாளியும் மக்கும்தான்.

ஏப்ரல் 2

இருந்தான். கோப்பைக்குள்ளேயே.

ஏப்ரல் 11

கொஞ்சம் விட்டுவிட்டு எழுந்து மிட்டாய்க்குக் கை நீட்டுகிறான். தின்றுவிட்டு உட்கார்ந்து இன்னும் கொஞ்சம். மறுபடி மிட்டாய். மொத்தச் சரக்கைச் சில்லறையில் விற்கிறான். இவனுக்கு எதுவும் புரியாது என்று எழுதிக்கொடுத்த டாக்டர் வந்து பார்க்கட்டும்.

"ஒங்க ரத்தந்தானேங்க" என்கிறாள் ராஜலட்சுமி.

இனி முழுசாக இருந்தால்தான் மிட்டாய்.

மே 6

விருந்துக்கு வந்த ஆத்மநாதன் முன்னால், பாயிலேயே இருந்துவிட்டான். "இன்னுமா ஆசை விடல மச்சான்? இந்த மாசத்தோட ஹாஸ்டல்ல எடம் முடிஞ்சிரும்." ராஜலட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயை அலசினாள். ஒத்துக்கலாமா? என்னத்தச் செய்யிறது —

மே 25

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் வேட்டியைப் பிடித்து இழுத்தான் சந்தோஷ். சோற்றுக்கோ என்று எழுந்தால், நேராகக் கக்கூஸுக்கு இழுத்துப் போனான். யாரும் கூப்பிடவில்லை. நேரமும் அதில்லை. முழுசாக இருந்தான்.

மிட்டாய் கொடுத்தேன். அதை ஒரு கையில் பொத்திக்கொண்டு மறு கையையும் நீட்டினான். முறைத்துப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். கை இறங்கவில்லை. இன்னொரு மிட்டாயும் வைத்தேன்.

ஜூன் முதல் கூட்டிவரச் சொல்லிவிட்டார் செவந்தி டீச்சர். ஆத்மநாதனுக்கும் சொல்லியாயிற்று. மையத்திலும் இதே விலைதான் என்று டீச்சரிடம் பேசி முடித்தேன்: நாம் கூட்டிப்போனால் மிட்டாய் ஒன்று, அவனாக வந்து கூப்பிட்டால் இரண்டு. கடன் கிடையாது.