பென்சில் எழுத்து போட்ட நான்கு டிஸ்க்குகள்

மார்ச் 4

அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்யச் சொல்லி மகள் மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டாள். அங்கே இருப்பது அவள் அப்பாவின் கம்ப்யூட்டர் கடைச் சாமான். டிவியில் மாட்டி வேலை செய்யும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, டிஸ்க் பெட்டி, அவர் செய்த ப்ரோக்ராமுக்கு அவரே எழுதின கையேடு. "யாரும்மா இனிமே இதத் தொடப்போறா?" என்கிறாள். நான் தொடுகிறேன். வாரம் ஒரு தடவை துடைக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாவது. ஆனால் அந்தக் கையேட்டின் அறுபத்து நாலு பக்கத்தையும் அடுக்கிப் பின் அடித்தவள் நான். முந்நூறு பிரதி. அதில் பதினொன்றில் பதினேழாம் பக்கம் தலைகீழ்.

மார்ச் 9

மகள் ஓர் ஆளைப் பிடித்துவிட்டாள். பழைய கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கையும் புத்தகத்தையும் கெட்டுப்போகுமுன் நகலெடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வைக்கிற கூட்டமாம். வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். மற்ற நாளில் மருந்துக்கடை, ஞாயிறு இந்த வேலை. பக்கத்தைத் திருப்புமுன் கையைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பிடித்துப்போனது.

"கையேடு மட்டும் இருக்கு. ப்ரோக்ராம் எங்கம்மா?"

அழிந்துபோனது என்றேன். அழித்தவன் என் கொழுந்தன் என்றும் சொன்னேன். விடுவேனா? டிவித் திரையில் நம் எழுத்தை வரவைக்க அவர் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினது. கையேடு அச்சாகி வந்த வாரம், நாலு டிஸ்க்கிலும் தம்பிக்காரன் கார் ஓட்டும் விளையாட்டை ஏற்றிவிட்டான். அவர் வீட்டுக்கு வந்து, "தம்பி எல்லாத்தையும் அழிச்சுட்டான்" என்றார். அவ்வளவுதான். மறுபடி ஒரு வரி எழுதவில்லை. கொழுந்தன் கடையை விட்டே போனான். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அவர் இறந்த அன்று வாசலில் வந்து நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். நகலோடு சேர்த்து வைப்பாளாம்.

மார்ச் 10

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. என் தம்பி கல்யாணத்தில் கொழுந்தன் பெண்டாட்டி என்னைப் பார்த்து ஏப்பம் விட்டாள். வேண்டுமென்றே.

மார்ச் 16

மருந்துக்கடைக்காரி மெஷினோடு வந்தாள். நாலு டிஸ்க்கும் ஓடிற்று. எல்லாவற்றிலும் கார். ஆனால் துள்ளிவிட்டாள். "விளையாட்டு சின்னதும்மா. மிச்ச இடத்துல பழசு துண்டு துண்டா அப்படியே கெடக்கு! ஆனா எத எதோட சேக்கறதுன்னு தெரியல. அவர் எழுதற விதம் தெரிஞ்ச ஆள் யாராச்சும் வேணும்."

அப்படி ஒரே ஆள்தான் உண்டு. கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்ட கொழுந்தன்.

பிறகு டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்தாள். "ஓரத்துல இந்த வெட்டு இருக்கு பாருங்க. காப்பாத்த வேண்டிய டிஸ்க்னா வெள்ளித்தாள் ஒட்டி இத மூடிடுவாங்க. மூடினா மேல எழுத முடியாது. நாலுலயும் பசைத் தடம் இருக்கு. யாரோ உரிச்சிருக்காங்க."

"யாரு உரிச்சா?" என்றாள் மகள்.

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மார்ச் 16, மாலை

நான். நான்தான்.

பாட்டுக் கேசட்டில் ஓரத்து ஓட்டையை மூடினால்தான் மேலே பதிவாகும். காப்பாற்ற வேண்டுமென்றால் திறந்து விடணும். டிஸ்க்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். கையேடு வந்த அந்த வாரம் கடையில் பெட்டி துடைக்கும்போது, இவர் இப்படி மூடி வைத்திருக்கிறாரே, யாராவது அழித்துவிட்டால் — என்று நகத்தால் உரித்தேன். நாலையும். ப்ரோக்ராமின் பெயரை அவர் எழுதியிருந்தது பென்சிலில்; அதுவும் ஈரத் துணியில் மங்கிப்போயிற்று. கடை வழக்கம் என்னவென்று இன்றுதான் புரிகிறது. வெள்ளித்தாள் இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் எடுத்துக்கொள். கொழுந்தன் வழக்கப்படி எடுத்திருக்கிறான்.

வியாழக்கிழமை. பச்சைத் துணி. உரித்ததை ஜன்னல் கம்பியில் ஒட்டினேன். எல்லாம் ஞாபகமிருக்கே! ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பாக்கலையேடி, பாவி!

மார்ச் 18

மருந்துக்கடைக்காரி போனில் குறிப்பைப் படித்துக் காட்டினாள். "எழுதியவரின் தம்பி இதை அழித்துவிட்டார்." சரியா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். "பொறுமையா சொல்லுங்கம்மா. நெட்ல ஏத்திட்டா அது நிலைச்சு நிக்கும்" என்றாள்.

மார்ச் 20

இந்த வாரம் துடைக்கவில்லை.

மார்ச் 23

மகளைக் கூட்டிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். முட்டிவலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

முட்டிப் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினான். "அண்ணன் போன அன்னிக்கு வாசல்ல நின்னேன், அண்ணி."

"பாத்தேன்."

"பாத்தீங்கல்ல?"

அவன் பெண்டாட்டி குறுக்கே வந்தாள். "இப்ப எதுக்கு வந்தீங்க? டிஸ்க்க ஒட்டுப்போட ஆள் வேணும்னா?"

"அதுக்கும்தான்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

உட்காரச் சொல்லவில்லை. நியாயம்தானே.

மார்ச் 24

குறிப்பை மாற்றச் சொன்னேன். "எழுதியவரின் மனைவி, காப்பதாக நினைத்து, வெள்ளித்தாளை உரித்துவிட்டார். தம்பி மேல் தவறில்லை."

"பேர் போடணுமாம்மா?"

"என் பேர முழுசாப் போடு. அவன் பேரையும் போடு."

மார்ச் 30

ஞாயிறு. கொழுந்தன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

ஏப்ரல் 13

கொழுந்தன் போன ஞாயிறும் வந்தான், இன்றும் வந்தான். என்னோடு பேச்சில்லை. டிவி முன்னால் அவனும் மருந்துக்கடைக்காரியும் ஒரே சண்டை. "அண்ணன் இங்க இப்படி எழுதவே மாட்டான், போங்க!" என்று கத்துகிறான். தொலைந்துபோன எழுத்துகளுக்கு, கையேட்டில் கட்டம் போட்டு வைத்த புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். நாலு மணிக்குத் திரையில் 'அ' வந்தது. கொஞ்சம் கூன் போட்ட 'அ'. நான் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணி, பின்னாடி நின்னு மூச்சு விடாதீங்க. புள்ளி எண்ணறது தப்புது."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் தேதியோடு குறித்திருப்பேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கண்ணாடியை டிவி மேல் மறந்துவிட்டுப் போயிருக்கிறான். கொடுத்தனுப்பட்டுமா என்று போன் செய்தேன். அவன் பெண்டாட்டிதான் எடுத்தாள்.

"அங்கயே இருக்கட்டுங்கக்கா. இங்க இன்னொண்ணு இருக்கு."