கைதட்டலுக்குள் உன் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, கோரின் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நியூயார்க் குளிர் தாங்கவில்லை, என் பச்சைக் கம்பளிச் சட்டையை அனுப்பு.

நேற்று எங்கள் இசைத்தட்டுக் கடைக்கு ஒருவன் அப்பாவின் ஜாஸ் கச்சேரித் தட்டை விற்க வந்தான். புதுப் பதிப்பாம். போட்டுக் கேட்டால், ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அதே கைதட்டலை, நடுவே ஒரு பெண் கத்துவதோடு சேர்த்து, ஒட்டியிருக்கிறார்கள். முதலாளி மொரெட்டி சிரித்துவிட்டார். "திருட்டுப் பதிப்பு! அந்தம்மா எத்தன தடவதான் கத்துவாங்க?"

"அல்சீட், மெதுவா ஊதுய்யா, மூச்சு வாங்குது பாரு!" அப்பாவைப் பெயர் சொல்லிக் கத்தும் அந்தக் குரல் உன்னுடையது. நீ மடியில் வைத்துப் பதிவு செய்த நாடா அது. உன் படுக்கையறை அலமாரியைத் தவிர வேறெங்கும் கிடையாது.

"எங்கம்மா!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

வந்தவன் என்னை நிதானமாகப் பார்த்தான். "அந்த மஞ்சள் வீட்டுல இன்னும் தனியாத்தான் இருக்காங்களா?" நம் வீட்டைப் பற்றி நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. சிக்கரி போட்ட காப்பித்தூளும் கொஞ்சம் அனுப்பு. அலமாரியைத் தனியாகத் திறக்காதே, பக்கத்து வீட்டு ஓடெல் அண்ணனைக் கூட்டிக்கொள். பூட்டை உடனே மாற்று.

காலையிலிருந்து போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. சர்ச்சில் பாடப் போயிருப்பாய். அவ்வளவுதான். இல்லையா அம்மா?

கோரின்