வக்கீலிடம் மறைக்கக் கூடாது

ஜூன் 10, 1967 – சனி

மழையும் வரவில்லை, செம்பூர்க் குழாயில் தண்ணீரும் வரவில்லை. கீழ்வீட்டில் ஒரு குடம் வாங்கி, படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, லூசியம்மாளைக் கூட்டிக்கொண்டு மாதுங்கா போனேன். சாரின் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். வக்கீல் வேங்கடசுப்ரமணியன் என்றால் மாதுங்காவில் தெரியாதவர் கிடையாது. இத்தனை வருஷம் அங்கே டைப் அடித்தும் நானாக ஒரு ஆளை அழைத்துப் போனது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

லூசி எங்கள் கட்டிடத்தில்தான் இருக்கிறாள். நர்ஸ். புருஷன் தனசீலன் சண்டை போட்டுக்கொண்டு விக்ரோலியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். இப்போது பிள்ளையைக் கொடு என்று நிற்கிறான். பியூலாவுக்கு நாலரை வயது.

வழியெல்லாம் நான்தான் பாடம் நடத்தினேன். "டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் எதையும் மறைக்கக் கூடாது லூசி. எல்லாத்தையும் கொட்டிரு." தனியாகப் பேசக் கூச்சப்பட்டாள். அதனால் நானும் உள்ளே உட்கார்ந்தேன்.

கொட்டிவிட்டாள். போன வருஷம் தனசீலன் ஊருக்குப் போயிருந்த சமயம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை. பியூலாவுக்குத் தூக்க மருந்து கொடுத்து, கதவைப் பூட்டிவிட்டு நைட் டியூட்டிக்குப் போயிருக்கிறாள். "நர்சுதான, அளவு தெரியும்னு நெனச்சேன்யா. விடியக்காலம் ஓடி வந்து பிள்ள மூக்குல கைய வச்சுப் பாத்தேன். செத்துப் பொழச்சேன். அதுக்கப்புறம் கிடையாது, சத்தியமா." இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். எனக்கே தெரியாது. சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

ஜூன் 19 – திங்கள்

சாருக்கு வேலை அதிகமாம். லூசி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். காட்கோபரில் நெல்லையப்பன் என்று ஒரு இளம் வக்கீல் இருக்கிறார். அவரிடம் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 8 – செவ்வாய்

இன்று ஆபீசுக்கு வந்த புதுக் கட்சிக்காரன் யார் என்றால், தனசீலன். அவன் கம்பெனி ஆபீசரின் சிபாரிசாம். நான் ஒன்றும் தெரியாதவள்போல் காபி கொண்டுபோய் வைத்தேன். சார் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 11 – வெள்ளி

தனசீலனின் அஃபிடவிட் டைப்புக்கு வந்தது. எட்டாவது பத்திவரை வழக்கமான புலம்பல். ஒன்பதாவது பத்தியில் கை நின்றுவிட்டது. தூக்க மருந்து. பூட்டிய கதவு. 'நம்பகமாகத் தெரிய வருகிறது' என்று போட்டிருக்கிறார். நம்பகமாக! அன்று அந்த அறையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தானே?

உள்ளே போய்க் கேட்டேன். சார் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "அவ வக்காலத்துல கையெழுத்துப் போட்டாளோ? நான் ஃபீஸ் வாங்கினேனோ? யாரோ வந்தா, ஏதோ பேசினா, போயிட்டா. அவ என் கட்சிக்காரியே இல்லை."

"என் முன்னாலதானே சார் சொன்னா?"

"கோமதி, நீ இங்கே டைப் பண்ண வந்திருக்கே. ஞாபகம் வச்சுக்கறதுக்கு இல்லை."

திரும்பி வந்து அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். எனக்கு என்ன கேடு வந்தது?

ஆகஸ்ட் 27 – ஞாயிறு

லூசி ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து நேராக மேலே வந்தாள். உட்காரவில்லை.

"ஒங்கள நம்பித்தானக்கா சொன்னேன். பியூலா அப்பாகிட்டப் போய்ச் சொல்லிட்டியளே."

"நான் சொல்லல லூசி."

"பொறவு யாரு சொன்னா? வக்கீலய்யாவா? படிச்சவிய அப்படிச் செய்வாவளா?"

வாய்வரை வந்தது. சொன்னால் அவள் நெல்லையப்பனிடம் சொல்வாள், அவர் கோர்ட்டில் சொல்வார், அடுத்த நாள் நான் தெருவில் நிற்பேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

செப்டம்பர் 14 – வியாழன்

செம்பூர் ஸ்டேஷனில் நெல்லையப்பன் காத்துக்கொண்டு நின்றார். சின்னப் பையன்போல் முகம், கோட்டு மட்டும் பெரிது.

"லூசியம்மா ஒங்களத்தான் சந்தேகப்படுதாவ. எனக்கு அப்படித் தோணல. அவங்க மொதல்ல ஒங்க சார்கிட்டதான் யோசனை கேட்டாங்கன்னு நீங்க ஒரு அஃபிடவிட் குடுத்தா போதும்மா. அவரு கேச விட்டு வெலகியாகணும். அந்தப் பத்தியயும் எடுக்கச் சொல்லிக் கேப்பேன். பார் கவுன்சில்லயும் அவரு பதில் சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதை யோசிக்க?

செப்டம்பர் 22 – வெள்ளி

இன்று காட்கோபர் போவதாக இருந்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல்.

அக்டோபர் 9 – திங்கள்

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. போகவில்லை.

ரயிலில் ஒருத்தி தன் பெண்ணிடம் என்னைக் காட்டி, மதராஸி டைப்பிஸ்டுகளால்தான் உனக்கு வேலை இல்லை என்றாள். ஊர் முழுக்க இதே பேச்சு. இந்த வேலை போனால் என்னை யார் எடுப்பார்கள்? அப்பாவை யார் பார்ப்பார்கள்? – எல்லாம் உண்மைதான். உண்மையாக இருப்பதால் சாக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

அக்டோபர் 30 – திங்கள்

தீபாவளிக்குச் சார் வருஷாவருஷம் நூல்புடவைதான் கொடுப்பார். இந்த வருஷம் பட்டு. வாங்கிக்கொண்டேன். கும்பிடு வேறு போட்டேன். தூ.

டிசம்பர் 4 – திங்கள்

தீர்ப்பு. பியூலா அப்பாவிடம்.

ஒன்பதாவது பத்தி உண்மையா என்று நீதிபதி கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம் லூசி. தனசீலன் தரப்பில் வேறு சாட்சியே கிடையாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்கு அது வராது. மாதம் ஒரு தடவை, நாலாவது சனிக்கிழமை, அவள் பிள்ளையைப் பார்க்கலாம். எங்கே என்றால், எங்கள் ஆபீசில். கூட இருந்து பார்த்துக்கொள்வது கோமதி என்று சாரே சொல்லிவிட்டார்.

டிசம்பர் 6 – புதன்

காட்கோபர் போனேன். நெல்லையப்பன் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். அப்பீல் போட லூசிக்குத் தெம்பு இல்லையாம். பார் கவுன்சிலுக்கு வேண்டுமானால் இப்போதும் எழுதிக் கொடுக்கலாமாம். "நீங்க சொல்லலன்னு லூசியம்மாவுக்குப் புரிய வச்சிட்டேன்" என்றார். அப்படியென்றால், வாயை மூடிக்கொண்டு இருந்ததும் புரிந்திருக்கும். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 23 – சனி

முதல் சந்திப்பு. அடுத்த வாரம் இன்னும் வரவில்லை எனக்கு.

தனசீலன் பியூலாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர் ஓட்டலுக்குக் காபி குடிக்கப் போனான். சார் இல்லை. என் மேஜைக்கு ஒரு பக்கம் லூசி, ஒரு பக்கம் பிள்ளை, நடுவில் நான். பிள்ளை புது ஃபிராக் போட்டிருந்தாள். முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். லூசி அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், தொடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "தின்னு ராசாத்தி. ஒனக்குத்தான் சுட்டேன்."

பியூலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இதுல மருந்து இருக்கா?"

லூசி நீட்டிய கையை மடக்கவில்லை.

"அம்மா குடுத்தா திங்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காவ. தூங்கிருவேனாம்." பிறகு என்னைக் காட்டி, "மொதல்ல இந்த அத்தை தின்னட்டும்" என்றாள்.

வாங்கித் தின்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன். பிள்ளை என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீந்த் ஆயா?" என்றாள். தூக்கம் வந்ததா என்று, இந்தியில்.

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை என்றேன். அதற்குப் பிறகும் அவள் அம்மா கையிலிருந்து வாங்கவில்லை.

லூசி தூக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்க கையாலயே குடுங்கக்கா. அப்பதான் திம்பா."

கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் முதல் கடி நான் கடித்துவிட்டு.